ஒரு வாசல் அறை

விருதுநகரில் கல்லூரியில் படித்த மூன்று வருடத்தில் ஒரே ஒரு முறைதான் கூடப்படித்த நண்பனின் வீட்டுக்குப் போயிருக்கிறேன். பருப்பு மண்டி வைத்திருக்கும் குடும்பம். தேர்வுக்குச் சேர்ந்து படிக்கலாம் என்று கூப்பிட்டிருந்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் அவன் அம்மா, ரூமில் போய்க் கொஞ்ச நேரம் படுத்துவிட்டு அப்புறம் படியுங்கள் என்றார்கள். அவன் ஒரு கதவைத் திறந்தான். உள்ளே ஒரு கட்டில், அதன்மேல் சுருக்கமில்லாத விரிப்பு, ஜன்னலில் சந்தன நிறத் திரை, சின்ன மேசையில் ஒரு விளக்கு. வேறு எதுவும் இல்லை. அரிசி மூட்டை இல்லை, கொடியில் துணி இல்லை, மூலையில் குடம் இல்லை. தூங்குவதற்கென்று மட்டுமே ஒரு வீட்டில் இவ்வளவு இடத்தை ஒதுக்கி வைப்பார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

படுத்த உடனே நண்பன் தூங்கிப் போனான். நான் தூங்கவில்லை. கதவைச் சாத்தியதும் வீட்டுச் சத்தமெல்லாம் பாத்திரத்துக்கு மூடி போட்டது போல அடங்கிப்போனதைக் கவனித்துக்கொண்டே கிடந்தேன். திரை அசையும்போதெல்லாம் சுவரில் வெளிச்சமும் அசைந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் முடிவு செய்துவிட்டேன். வேலைக்குப் போனதும் நான் செய்யப்போகிற முதல் காரியம் இப்படி ஒரு அறைதான்.

எங்கள் வீடு சிவகாசியை ஒட்டி, நாரணாபுரம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது. நீளமாக ஒரு கூடம், ஓரத்தில் அடுப்படி, அவ்வளவுதான் வீடு. கூடத்துக்கு முன்வாசல் ஒன்று, அதற்கு நேரே பின்வாசல் ஒன்று. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அப்பா வெடிமருந்து நிரப்புகிற அறையில், அம்மா திரி வைக்கிற பக்கம். நாங்கள் நான்கு பேரும் கூடத்தில் வரிசையாகப் படுப்போம். பின்வாசலை ஒட்டி அப்பா, அடுத்து நான், அப்புறம் அக்கா, முன்வாசல் பக்கம் அம்மா. அக்கா கல்யாணமாகிச் சாத்தூருக்குப் போன பிறகும் அவள் படுத்த இடம் அப்படியே காலியாகக் கிடந்தது. யாரும் நகர்ந்து படுக்கவில்லை.

பக்கத்து வீட்டு டிவி, தெருவில் ரிவர்ஸ் எடுக்கும் லோடு வண்டி, அம்மாவின் இருமல், இதற்கெல்லாம் நடுவில்தான் படித்தேன். அக்கா எட்டாவதோடு நின்றுவிட்டாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் குடும்பத்தில் முழுதாகப் படித்து வெளியே வந்த முதல் ஆள் நான். நான் படிக்கும்போது அப்பா புரண்டு புரண்டு படுத்துக்கொண்டே இருப்பார். அவர் அசந்து தூங்கி நான் பார்த்ததே இல்லை. சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்து பின்வாசலைப் பார்ப்பார், பிறகு மறுபடி சாய்வார். விளக்கு வெளிச்சத்தால்தான் அவருக்குத் தூக்கம் கெடுகிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

படிப்பு முடிந்து சிவகாசியில் ஒரு அச்சகத்தில், டிசைன் செக்சனில் சேர்ந்தேன். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று நாள் முழுக்க நிறங்களோடு வேலை. வேலை நிரந்தரமானதும் மொட்டை மாடியில் அறை கட்ட ஆரம்பித்தோம். கொத்தனார் நூல் பிடித்தபோது அப்பாவும் பக்கத்தில் நின்றார். ஒரு வாசல்தானா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். தூங்குகிற ரூமுக்கு ஒன்று போதும், ரெண்டு வைத்தால் தூசியும் சத்தமும் வரும் என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுச் செங்கல் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார்.

தெருவுக்கு அது வேறு விதமாகப் புரிந்தது. பக்கத்து வீட்டு அத்தை, மாடியில் ரூம் எழும்புகிறது என்றால் பெண் பார்த்தாகிவிட்டது என்றுதானே அர்த்தம் என்று அம்மாவின் வாயைக் கிண்டினாள். அம்மா இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை, சிரித்து வைத்தாள். பெண் பார்க்கும் பேச்சே எங்கள் வீட்டில் அப்போது இல்லை.

நான் மட்டும் அந்த அறையை உயிரைக் கொடுத்துச் செய்தேன். சுவருக்கு எனக்குப் பாலாடை நிறம் வேண்டும். பெயிண்ட் கடை அட்டையில் இருந்த எதுவும் சரியாக இல்லை. அச்சகத்தில் கழிவுத் தாளில் மஞ்சளைத் துளியிலும் துளியாகச் சேர்த்து ஒரு சதுரம் அடித்து, அதைக் கடைக்குக் கொண்டுபோய் இதே மாதிரி கலந்து கொடுங்கள் என்று கேட்டேன். கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் நிறம் எங்கே இருக்கிறது தம்பி என்றார். ஜன்னலை வடக்குப் பக்கம் வைத்தேன். வெயில் நேரே விழாது, வெளிச்சம் மட்டும் வரும். கனமான பருத்தித் திரை. இலவம்பஞ்சு மெத்தை. வெள்ளை விரிப்பு. கண்ணைக் குத்தாத மஞ்சள் பல்பு. அறையை அமைதியாக வைப்பது எப்படி என்று போனில் பார்த்த வீடியோக்களில் எல்லாம் வாசனை மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கச் சொன்னார்கள். எங்கள் தெருவில் படுக்கைப் பக்கத்தில் தீயை ஏற்றி வைத்துவிட்டு ஒருவன் உயிரோடு இருக்க முடியாது, அம்மாவே அடித்துவிடுவாள். அதை மட்டும் விட்டுவிட்டேன்.

சுவரில் எதையும் மாட்டவில்லை. நாள் முழுக்கக் காலண்டரையே பார்க்கிறவனுக்குச் சுவர் சும்மா இருப்பதே பெரிய அழகு. ஆனால் சிவகாசியில் காலண்டர் இல்லாத சுவர் என்பது நடக்கிற காரியமா? ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது கட்டிலுக்கு மேலே அம்மா ஆணியடித்து மாட்டிய முருகன் தொங்கிக்கொண்டிருந்தார். அன்றைய தேதி வரைக்கும் தாள் கிழித்து வைத்திருந்தது. நான் கழற்றிக் கீழே கொண்டுவந்து கூடத்தில் மாட்டினேன். அங்கே ஏற்கனவே மூன்று இருந்தன. ஆணி போன ஓட்டையை மறுநாள் நான் சுண்ணாம்பு வைத்து அடைத்தேன்.

பால் காய்ச்சி, அறையில் படுக்க ஆரம்பித்தேன். நினைத்தபடியே எல்லாம் இருந்தது. கதவைச் சாத்தினால் எதுவும் கேட்கவில்லை. எதுவும் கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் பிரச்சினையாகப் போனது. இருபத்து மூன்று வருடம் வீட்டாருடைய மூச்சைக் கேட்டுத் தூங்கியவன் நான். அம்மா இருமினால், சரி, அம்மா இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாமலே உள்ளுக்குள் ஏதோ ஒன்று குறித்துக்கொண்டு தூங்கும் போலிருக்கிறது. இங்கே குறித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மெத்தை மெத்தென்று இருந்தது, விரிப்பு வாசமாக இருந்தது, கண் மட்டும் மூடவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் குடிப்பது போலக் கீழே போய் அக்காவின் இடத்தில் சாய்ந்தேன். மேலே புழுங்குகிறதா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்று பொய் சொன்னேன். இவ்வளவு ஆசையாகக் கட்டிய அறையில் தூக்கம் வரவில்லை என்று எப்படிச் சொல்வது?

அதனால்தான் அவர்களை மேலே கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. அப்பாவுக்கு ஒரு நல்ல தூக்கம் கிடைக்கட்டும் என்று வாயால் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அந்த அறையில் இன்னொரு மூச்சு கேட்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய உண்மை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்ததும் அப்பாவைக் கையைப் பிடிக்காத குறையாக மேலே அழைத்துப் போனேன். காலைக் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில், விழுந்துவிடுவாரோ என்கிற மாதிரி படுத்தார். ஃபேனைக் கூட்டினேன், திரையை இழுத்துவிட்டேன், முதலில் அவருக்கு இடம் பழகட்டும் என்று சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டுக் கீழே வந்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்காது. அப்பா படியிறங்கி வந்தார். பனியன் நனைந்திருந்தது.

"வேர்க்குது," என்றார்.

ஃபேன் ஓடுகிறதே என்றேன்.

"ஆமா, அது பாட்டுக்கு ஓடுது," என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் பக்கம் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.

அம்மாவை அழைத்தால் கட்டிலில் உட்காரவே மாட்டேன் என்றாள். அவளுக்கும் அப்பாவுக்கும் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணிலும் காது மடலிலும் அலுமினியத் தூளின் சாம்பல் மினுமினுப்பு போகாது. வெள்ளை விரிப்பு வீணாகிவிடும், புதுப்பெண் வருகிற ரூம் என்றாள். நான் விரிப்பை மாற்றி அடர்ந்த நீலத்தில் வாங்கிப் போட்டேன். அடுத்த ஞாயிறு அப்பாவை மறுபடி அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் கதவு விரியத் திறந்து கிடந்தது, சாத்தாமல் இருக்க என் செருப்பைக் கதவடியில் செருகி வைத்திருந்தார். காற்றுக்காக என்று நினைத்து, செருப்பை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். வெளிச்சம் வந்தால் தூங்க மாட்டார் என்கிற அக்கறை எனக்கு. நான் படியிறங்குவதற்குள் அவரும் பின்னாலேயே வந்துவிட்டார்.

மூன்றாவது ஞாயிறு அவர் வரமாட்டேன் என்று சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை. நான் சொன்னதை இப்போது எழுதவே கூசுகிறது. உங்களுக்கெல்லாம் தரையும் இரைச்சலும்தான் ஒத்துவரும், நல்லது எதைச் செய்தாலும் உங்கள் உடம்பில் ஒட்டாது என்றேன். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டார். அம்மாதான் சோற்றுப் பானையைக் கழுவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"இந்தப் பேச்சையும் காலேசுலதான் சொல்லிக்குடுத்தாகளாய்யா?"

அதன் பிறகு சில வாரம் வீட்டில் தேவைக்கு மட்டுமே பேச்சு. தீபாவளி சீசன் வேறு நெருங்கிவிட்டது. அவர்கள் விடிந்தும் விடியாமலும் கம்பெனி வேனில் ஏறினால் அந்தி சாய்ந்துதான் வருவார்கள். நானும் ஓவர்டைம் பார்த்தேன். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சாப்பிட்டீகளா, சாப்பிட்டேன் என்பதோடு முடித்துக்கொண்டோம். மேலே நான், கீழே அவர்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அச்சகத்துக்கு ஒரு பட்டாசு யூனிட்டின் ஆர்டர் வந்தது. வேலை அறைகளின் வெளியே ஒட்டுகிற பாதுகாப்பு விதிச் சுவரொட்டி. பெரிய எழுத்து, சிவப்பு மார்ஜின், எளிய தமிழ். நான்தான் வரிகளை அடுக்கினேன், பிழை திருத்தவும் நான்தான் உட்கார்ந்தேன். பிழை பார்க்கும்போது எங்கள் பழக்கம், ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு மெதுவாகப் படிப்பது. உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்க, உள்ளே நுழையும் முன் செம்புத் தகட்டைத் தொடவும். ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாப் பக்கக் கதவுகளும் வேலை நேரத்தில் திறந்தே இருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே தாழ்ப்பாள் இருக்கக் கூடாது. ஆளுக்கும் வாசலுக்கும் நடுவில் எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது.

அந்தக் கடைசி வரியில் ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தது. சேர்த்தேன். சேர்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என் அறைக்கு ஒரே கதவு. அது உள்பக்கமாகத் திறக்கும். நல்ல கனமான தாழ்ப்பாள். கட்டிலில் படுத்தவர் வாசலுக்குப் போக வேண்டுமானால் மேசையைச் சுற்றித்தான் போக வேண்டும். முப்பது வருடமாக எதற்கும் ஓடத் தயாராக உட்கார்ந்து மருந்து நிரப்பிய மனிதனை அதற்குள் படுக்கவைத்து, திரையை இழுத்து, கதவையும் சாத்திவிட்டு வந்திருக்கிறேன். பட்டாசு அறைக்கு நாலு பக்கமும் வாசல் என்பது எங்கள் ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அது அப்பாவின் உடம்புக்குள் இருக்கிறது, அவர் வீட்டுக்கு வரும்போது அதுவும் கூடவே வருகிறது என்பது மட்டும் தெரியாமல் போயிற்று.

அன்றைக்கு அம்மா வேலையிலிருந்து வந்து பின்வாசல் படியில் உட்கார்ந்து தலையை அவிழ்த்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேட்கவே வெட்கமாக இருந்தது. அப்பாவுக்கு வாசல் பக்கத்தில் இருந்தால்தான் தூக்கம் வருமா என்று கேட்டேன். அம்மாவுக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை. கல்யாண மண்டபத்தில் ரூம் கொடுத்தாலும் அப்பா வராந்தாவில்தான் படுப்பார், இருக்கன்குடிக்கு நேர்த்திக்கடனுக்குப் போனபோது எல்லோரும் சத்திரத்துக்குள் படுக்க, அவர் மட்டும் ஆற்று மணலில் கிடந்தார், அக்கா வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கமாட்டேன் என்பதும் இதனால்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். விஸ்வநத்தம் பக்கம் ஒரு யூனிட்டில் நடந்த வெடி விபத்தில் அவருடைய கூட்டாளி ஒருத்தர் போனாராம். அந்த அறையில் ஒரு கதவுக்கு முன்னால் யாரோ அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்களாம். நான் அப்போது கைக்குழந்தை.

உனக்கும் அப்படித்தானாம்மா என்றேன்.

"எனக்கு அம்புட்டு இல்லய்யா. ஆனா படுத்தா வாசல் எங்கன இருக்குன்னு ஒரு தடவ பாத்துக்கிடுவேன்," என்று சொல்லிவிட்டுச் சீப்பிலிருந்து முடியை உருவினாள்.

அடுத்த ஞாயிறு காலையிலேயே கொத்தனாரை வரச்சொன்னேன். கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில் இன்னொரு வாசல் எடுக்க வேண்டும். மொட்டை மாடிப் பக்கம்தானே, தடை ஒன்றும் இல்லை. பாலாடைச் சுவரில் பென்சிலால் கட்டம் போட்டுக் காட்டினேன். தூசி வரட்டும், சத்தம் வரட்டும், அறை கெட்டால் கெடட்டும். கொத்தனார் உளியை எடுத்த நேரம் அப்பா மேலே வந்தார். கட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கீழே வீட்டில் டீ கொதிக்கிறது, குடித்துவிட்டு வாங்க என்று கொத்தனாரை அனுப்பிவிட்டு, அறைக்குள் வராமல் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

"இடிக்க வேணாம்லே."

"உங்களுக்காகத்தாம்பா. எனக்குத் தெரியாமப் போச்சு. அன்னைக்கு வேற அப்படிப் பேசிட்டேன்."

"அது கெடக்கு. எனக்கு எதுக்கு மேல வாசலு? கீழதான் ரெண்டு இருக்கே."

அப்பா நிலையைக் கையால் தடவிக்கொண்டே, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார்.

"கொத்தனாரு நூல் புடிச்ச அன்னைக்கே எனக்குத் திக்குனுச்சு. பெறகு யோசிச்சேன். ஒரு வாசலு போதும்னு இவனுக்குத் தோணுதுல்ல, அப்ப நம்ம பயம் இவனுக்கு வரல. அதுக்குத்தானலே உங்கம்மாவும் நானும் உன்னைக் கம்பெனி வாசப்பக்கமே விடாம வளத்தோம். நீ கதவச் சாத்தித் தாப்பாளும் போட்டுட்டுத் தூங்குறியே, நம்ம வம்சத்துல அப்படித் தூங்குற மொத ஆளு நீதான். அதுல போயி ஓட்டையப் போடாத."

நான் இங்கே தூங்குவதே இல்லையப்பா. அது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பயத்தால் இல்லை, கீழே நீங்கள் இரண்டு பேரும் மூச்சு விடுவது கேட்கவில்லை, அதனால்தான். சொல்லியிருந்தால் அன்று இரவே தலையணையை எடுத்துக்கொண்டு கீழே போயிருக்கலாம். அப்பா நிலையில் சாய்ந்து, அறைக்குள் ஒரு அடிகூட வைக்காமல், என் கட்டிலையும் திரையையும் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரிசு கொடுத்தபோது பின்வரிசையில் அவர் இப்படித்தான் நின்றுகொண்டிருந்தார்.

"சரிப்பா," என்றேன்.

கொத்தனார் டீயைக் குடித்துவிட்டு, அப்பாவோடு சீசனைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டுப் போய்விட்டார். பென்சில் கோட்டை நான் ஈரத்துணியால் துடைத்தேன்.

அதற்குப் பிறகு நான் அக்காவின் இடத்துக்குப் போகவில்லை. தினமும் மேலே போகிறேன், விரிப்பை உதறிப் போடுகிறேன், திரையை இழுக்கிறேன், மஞ்சள் விளக்கை அணைக்கிறேன், தாழ்ப்பாளை அவர்களுக்குக் கேட்கிற மாதிரியே போடுகிறேன். பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகிற அறைதான் அது. அக்கா வந்திருந்தபோது, இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது என்றாள். அவள் பிள்ளைகள் மெத்தையில் குதித்த அந்த ஒரு மதியம் நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நன்றாகத் தூங்கினேன். மற்ற நாட்களில் விடியும் வரைக்கும் விழிப்பும் அசதியுமாகப் போகும்.

விடியற்காலையில் கீழே பம்ப் சத்தம், பாத்திரச் சத்தம், இரண்டு டிபன் டப்பா மூடுகிற சத்தம் படிக்கட்டு வழியே லேசாக ஏறி வரும். அவர்கள் கிளம்பும் நேரம். நேற்றும் அப்படித்தான் விழித்துக் கிடந்தேன். படியில் காலடி கேட்டது. அப்பாவின் நடை. ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது. திரையின் ஓரத்தில் ஒரு விரலளவு இடைவெளி உண்டு. நான் சட்டென்று கண்ணை மூடி, வாயைக் கொஞ்சம் திறந்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு படியில் நின்ற அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னது கேட்டது.

"அசந்து கெடக்கான்."

"சத்தம் போடாம வாங்க, முழிச்சிரப் போறான்," என்றாள் அம்மா.

இரண்டு பேரும் பூனை மாதிரி இறங்கிப் போனார்கள். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. கதவு இழுத்துச் சாத்தும் சத்தம், வண்டி கிளம்பும் சத்தம், அது மெயின் ரோட்டில் ஏறும் வரைக்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை. அப்புறம் எழுந்து தாழ்ப்பாளை விலக்கிக் கீழே போனேன். என் பங்கு டீ மூடி வைத்திருந்தது. வீட்டில் யாரும் இல்லை.